ஓட்டுப் போட ஊருக்குக் கிளம்பும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் செய்துவைக்க வேண்டியவை

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. அப்பா முந்தின நாள் ராத்திரி பெங்களூர் சாந்திநகரில் பஸ் ஏறி, நின்றுகொண்டே தருமபுரி வந்து, அங்கிருந்து விடியற்காலை முதல் டவுன் பஸ் பிடித்து பொம்மிடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். கொத்தனார் வேலை, இரண்டு நாள் கூலி போனால் போகட்டும் என்று வந்தவர். குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு ஏழரைக்கெல்லாம் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றார். வாக்காளர் அட்டை பாலித்தீன் கவருக்குள், ரப்பர் பேண்ட் சுற்றி, சட்டைப் பையில். உள்ளே மேஜையில் இருந்தவர் அடிக்கோலைப் பட்டியலின் மேல் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார், பக்கத்தைத் திருப்பினார், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அப்புறம் சொன்னார், "உங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்களே ஐயா."

அன்றைக்கு எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி தொகுதியில் மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து நடந்தது. ஆளுக்கு இரண்டு ஓட்டு. அப்பாவுக்கு இரண்டும் போனது. பள்ளிக்கூட வாசலில் புங்கமரத்தடியில் அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார், யாரிடமும் பேசவில்லை. பிறகு விசாரித்ததில், சரிபார்க்க வந்த சமயம் வீடு பூட்டியிருந்திருக்கிறது, "குடிபெயர்ந்துவிட்டார்" என்று எழுதிப் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

ஓட்டு அட்டையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டுக்கு அன்றுதான் புரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே எங்கள் வீட்டிலும் தெருவிலும் இருப்பவர்களுக்கு நான் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். நம் இரண்டு மாவட்டத்திலும் பாதிக் குடும்பம் ஊரிலும் பாதிக் குடும்பம் பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்றும் இருக்கிறது, அதனால் நமக்கு இந்த முன்வேலை மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரி தொகுதியில்தான், 81 சதவீதத்துக்கும் மேல். ஓட்டுப் போட இவ்வளவு ஆசைப்படும் ஊரில் ஒருத்தர்கூட வாசல் வரை வந்து திரும்பக் கூடாது.

முதலில் பெயர், மற்றதெல்லாம் அப்புறம்

போனில் வோட்டர்ஸ் டாட் ஈசிஐ டாட் ஜிஓவி டாட் இன் என்ற தேர்தல் ஆணையத் தளத்துக்குப் போங்கள். பெயர் தேடும் பகுதியில் மூன்று வழி இருக்கும்: அட்டை எண்ணை வைத்து, பெயர் வயது விவரங்களை வைத்து, மொபைல் எண்ணை வைத்து. முடிந்தவரை அட்டை எண்ணையே போடுங்கள், ஏனென்றால் நம் பக்கம் பெயரை எழுதுவதில் ஆயிரம் விதம். வேப்பனப்பள்ளி, தளி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களில் முனியப்பா, முனியப்பன், முனிப்பா மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், கணினிக்கு மூன்றும் வேறு வேறு ஆள். பெயரை வைத்துத் தேடி "இல்லை" என்று வந்தால் உடனே பயந்துவிடாதீர்கள், எழுத்தை மாற்றி, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

வயதானவர்களிடம் டிஎன் என்று தொடங்கி நடுவில் சாய்கோடு போட்ட நீளமான எண் கொண்ட பழைய அட்டை இருக்கும். இப்போதைய எண் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. பழைய எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம், அவர்களுக்கு மட்டும் விவரங்களை வைத்துத் தேடுங்கள், கிடைத்ததும் புது எண்ணைக் குறித்துக் கொடுங்கள்.

பெயர் வந்துவிட்டதா? நாலு விஷயத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: சட்டமன்றத் தொகுதி, பாகம் எண், அந்தப் பாகத்தில் உங்கள் வரிசை எண், வாக்குச்சாவடி எந்தப் பள்ளிக்கூடம் என்பது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள், போதாது. சாவடிக்குள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, தாள் பையில் இருக்கும். வாக்குச்சாவடியையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், இருபது வருஷமாக இதே பள்ளிக்கூடம்தான் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு சாவடிக்கு 1,500 பேர் வரை என்றிருந்ததை 2025-ல் 1,200 ஆகக் குறைத்தார்கள். பெரிய சாவடிகளைப் பிரித்திருக்கிறார்கள், பாகம் எண் மாறியிருக்கலாம், பக்கத்துத் தெரு ஒரு அறையிலும் உங்கள் தெரு இன்னொரு அறையிலும் விழுந்திருக்கலாம்.

நெட் வசதி இல்லாதவர்கள் 1950-க்கு அழைக்கலாம். பெங்களூரில் இருந்துகொண்டு வெறும் 1950 அடித்தால் அங்கேயே போய் விழும், அதனால் முன்னால் மாவட்டக் குறியீட்டைச் சேருங்கள்: தருமபுரிக்கு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343. இல்லையென்றால் ஊரில் இருக்கும் பிஎல்ஓவிடம் கேட்கச் சொல்லுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று பெரிய பெயர், பல ஊரில் அது நமக்குத் தெரிந்த அங்கன்வாடி அக்காவாகவோ பள்ளிக்கூடத்து டீச்சராகவோதான் இருக்கும். அவர் நம்பரை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு, ஆனால் "குடிபெயர்ந்தவர்" என்ற கணக்கில் போனவர்களும் நிறைய. வெளியூரில் வேலை செய்யும் வீடுகளுக்குத்தான் இதில் அதிக ஆபத்து. கடந்த தேர்தலில் ஓட்டுப் போட்டேனே என்ற தைரியம் போதாது, இப்போது இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒருவர் பெயர் இருந்தால் எல்லார் பெயரும் இருக்கும் என்றும் இல்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கெடு எப்போது முடிகிறது?

இதைத்தான் எல்லாரும் தவற விடுகிறார்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வரும் விண்ணப்பங்களைத்தான் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் சேர்ப்பார்கள், ஏனென்றால் விண்ணப்பம் வந்ததும் ஆட்சேபணை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் விட வேண்டும், அப்புறம் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். 2024-ல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 16 மாலை தேர்தல் அறிவிப்பு. மனு தாக்கல் மார்ச் 27-ல் முடிவு. பத்து நாளைக் கழித்தால் மார்ச் 17. டிவியில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேடத் தொடங்கியவருக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

அதனால் தேர்தல் பேச்சு அடிபடும்போதே, சுவரில் விளம்பரம் எழுத இடம் பிடிக்கத் தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள். எந்தப் படிவம் என்று குழம்ப வேண்டாம். பட்டியலில் பெயரே இல்லை, புதிதாகச் சேர வேண்டும் என்றால் படிவம் 6. முகவரி மாற்றம், எழுத்துப் பிழை, போட்டோ மாற்றம், அட்டை தொலைந்தது, மாற்றுத்திறனாளி என்று குறிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் படிவம் 8 ஒன்றே. பெயரை நீக்க, அல்லது ஒரு பெயர் இருப்பதற்கு ஆட்சேபணை சொல்ல படிவம் 7. தளத்திலேயே நிரப்பலாம், தாலுகா அலுவலகத்தில் கொடுக்கலாம், சனி ஞாயிறில் வாக்குச்சாவடிகளில் சிறப்பு முகாம் போட்டால் அங்கேயும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகை எண்ணை வாங்காமல் வராதீர்கள், அது இருந்தால்தான் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியும்.

18 நிரம்பியவர்கள் ஒரு ஜனவரிக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்துக்கு நாலு தகுதி நாள். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் படிக்கப் போகும் முன் இந்த வேலையை முடித்து அனுப்புங்கள், ஹாஸ்டலுக்குப் போன பிறகு பிள்ளைகளைப் பிடிப்பது கஷ்டம்.

கல்யாணமாகி வந்த பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரூரில் பிறந்து காவேரிப்பட்டணத்துக்கு வாழ வந்த பெண்ணுக்கு இரண்டு மூன்று தேர்தல் அப்படியே கழிந்துவிடும். பெயர் அம்மா வீட்டிலேயே இருக்கும், அங்கே "கல்யாணமாகிப் போயிடுச்சு" என்று சொல்லி நீக்கிவிடுவார்கள், இங்கே யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். என் சின்னம்மா மகளுக்கு இப்படித்தான் ஆனது. பெயர் இன்னும் அம்மா வீட்டுப் பட்டியலில் இருக்கும்போதே படிவம் 8 போட்டு இடம் மாற்றிக்கொண்டால் அதே அட்டை எண் தொடரும், வேலையும் சுலபம். கல்யாணச் செலவுக் கணக்குப் பார்க்கும் மாதத்திலேயே இதையும் செய்துவிடுங்கள்.

ஊரிலா, பெங்களூரிலா?

ஒருவருக்கு ஒரு இடத்தில்தான் பெயர் இருக்கலாம், இது சட்டம். இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம். பெங்களூரில் வாடகை வீட்டு முகவரியை வைத்து அங்கே ஒரு அட்டை வாங்கிவிட்டு ஊரிலும் பெயரை வைத்திருப்பவர்கள், யோசித்து ஒன்றை முடிவு செய்யுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது? சட்டம் கேட்பது "வழக்கமாகக் குடியிருக்கும் இடம்". ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒன்றே போதாது, அதே சமயம் வேலைக்காகத் தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் அந்த இடத்து உரிமை போய்விடாது, இதை 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. மூன்று மாதம் சைட்டில் தகரக் கொட்டகையில் தங்கிவிட்டு, பண்டிகைக்கும் நடவுக்கும் மாங்காய்க் காலத்துக்கும் ஊர் திரும்புகிறவர் ஊர் வாக்காளர்தான். யாராவது "நீங்க இங்க இல்லையே" என்று சொன்னால் பணிவாக இதைச் சொல்லுங்கள். அங்கேயே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பத்து வருஷமாகக் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு, மனசு ஊரில் இருந்தாலும், அங்கே மாற்றிக்கொள்வதுதான் நேர்மை என்பது என் எண்ணம். குடிதண்ணீருக்கும் சாக்கடைக்கும் அவர்கள் கேள்வி கேட்க வேண்டிய ஆள் அந்த ஊரில்தான் இருக்கிறார்.

ஊரில் பெயரை வைத்துக்கொள்பவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்: "யாராச்சும் ஓட்டு லிஸ்ட் பாக்க வந்தா எங்களுக்கு போன் பண்ணுங்க அக்கா, நாங்க இங்கதான் இருக்கோம்னு சொல்லுங்க." எங்கள் அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இல்லாமல் போனது.

கையில் என்ன கொண்டு போவது

வாக்காளர் அட்டை இருந்தால் அது போதும். அது இல்லையென்றாலும் பெயர் பட்டியலில் இருந்தால் ஓட்டுப் போடலாம், தேர்தல் ஆணையம் சொன்ன வேறு ஆவணங்களில் ஒன்று வேண்டும்: ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், போட்டோ உள்ள ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அரசுப் பணியாளர் அட்டை போல சில. இதில் நம் ஊரில் எல்லாரும் எடுத்து வரும் ரேஷன் ஸ்மார்ட் கார்டு இல்லை. பஸ் ஏறுவதற்கு முன் இதைக் கட்டாயம் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் அடையாளச் சான்று ஆகாது, 2019-லிருந்தே அப்படித்தான். அது உங்கள் பாகம் எண், வரிசை எண்ணைக் காட்டும் சீட்டு, அவ்வளவுதான். சிலிப் வரவில்லை என்றால் ஓட்டு இல்லை என்று அர்த்தமும் இல்லை.

ஆதாரைப் போனில் காட்டிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். போனை வெளியே வைத்துவிட்டு அல்லது அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அசலையே எடுத்து வாருங்கள். பெங்களூர் ரூமில் பெட்டிக்குள் அசல், ஊரில் ஜெராக்ஸ் என்ற நிலைமை எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது. அட்டையில் எழுத்துப் பிழை சின்னதாக இருந்தால், ஆள் நீங்கள்தான் என்று தெரிந்தால், அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தைரியமாகப் போங்கள், ஆனால் அடுத்த தேர்தலுக்குள் படிவம் 8 போட்டுத் திருத்திவிடுங்கள்.

லீவு, பஸ், பணம்

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 135பி சொல்கிறது. கம்பெனி வேலைக்கு மட்டும் இல்லை, தினக்கூலிக்கும் உண்டு, வேலைக்கு வந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். மீறினால் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். ஆளில்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு. இது மத்தியச் சட்டம், வேலை செய்யும் இடம் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் என்பதால் மட்டும் உரிமை போய்விடாது.

ஆனால் சட்டத்தைச் சொல்லி மேஸ்திரியிடம் சண்டை போட்டு யாரும் சம்பளம் வாங்கியதை நான் பார்த்ததில்லை. நடக்கக்கூடியது இதுதான்: தேதி தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுவது. "அண்ணா, 15 நாள் முன்னாடியே சொல்றேன், அன்னிக்கு எங்க செட் ஆறு பேரும் ஊருக்குப் போறோம், காங்கிரீட் வேலைய அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ வெச்சுக்குங்கண்ணா." முந்தின நாள் சாயங்காலம் போய்க் கேட்டால் ஒருவருக்கும் கிடைக்காது, இரண்டு வாரம் முன்பே ஆறு பேரும் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு போடும் இன்சார்ஜிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், முந்தின நாள் நைட் ஷிப்ட் வேண்டாம் என்பதையும் சேர்த்து. விடிய விடிய வேலை பார்த்துவிட்டு ஊத்தங்கரை வரை போய் வெயிலில் வரிசையில் நிற்பது உடம்புக்கு ஆகாது.

பஸ்ஸைப் பொறுத்தவரை கிழமை முக்கியம். 2024-ல் வெள்ளிக்கிழமை வந்தது, சனி ஞாயிறு சேர்ந்து கிடைத்தது. 2021-ல் செவ்வாய்க்கிழமை, ஒரே நாளில் வந்து திரும்ப வேண்டியிருந்தது. அந்த மாதிரி நடுவாரத் தேர்தலில் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எலெக்ட்ரானிக் சிட்டியிலோ சந்தாபுராவிலோ நின்றால் வருகிற பஸ்ஸெல்லாம் நிரம்பித்தான் வரும். மத்தியானமே கிளம்புங்கள், அல்லது சாந்திநகருக்கே போய் ஏறுங்கள். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, அவர்களுக்கு பஸ்தான், இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். திரும்பி வரவும் அன்றைக்கே யோசித்து வையுங்கள், ஊர் டவுன் பஸ் எத்தனை மணிக்குக் கடைசி என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேன் அனுப்புகிறோம், ஏறி வாருங்கள் என்று கட்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். வேட்பாளர் தரப்பில் வண்டி வைத்து வாக்காளரை ஏற்றிச் செல்வது சட்டப்படி முறைகேடு. நான் சொல்வது, ஏறாதீர்கள். பஸ் டிக்கெட் காசை நாமே கொடுத்து வந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, வரிசையில் நிற்கும்போது ஒருவர் பின்னாலேயே நின்று முறைக்கவும் மாட்டார். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்தால் சி-விஜில் செயலியில் போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம், நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பது என்ற இலக்கோடு அதை வைத்திருக்கிறார்கள்.

கையில் பணம் கொண்டு வருபவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் கணக்குக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பறக்கும் படை எடுத்துவிடும். ஜூஜுவாடி எல்லையில், கிருஷ்ணகிரி டோல்கேட்டில், தொப்பூரில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஏப்ரல், மே என்றால் நமக்கு மாங்காய்ப் பணம் புரளும் நேரம், ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிப் பணமும் ரொக்கமாகவே கைமாறும். மண்டியில் கொடுத்த பில், வங்கியில் எடுத்த சீட்டு, மாடு விற்றிருந்தால் சந்தையில் போட்ட ரசீது, ஏதாவது ஒன்று அந்தப் பணத்தோடேயே இருக்கட்டும். முடிந்தால் அந்த ஒரு மாதம் வங்கியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். எடுத்துவிட்டாலும் ஆவணத்தோடு போய் மாவட்டக் குழுவிடம் முறையிட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் அந்த அலைச்சலில் ஓட்டு நாள் போய்விடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால்

85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வசதி இருக்கிறது. அதற்கு 12டி என்ற படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை (தேதி அறிவிப்பு இல்லை, மனு தாக்கல் தொடங்கும் நாளில் வருவது) வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிஎல்ஓவே வீட்டுக்குக் கொண்டு வருவார், வராவிட்டால் நாம் போய்க் கேட்க வேண்டும். பிறகு ஒரு நாள் சொல்லிவிட்டு அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் எல்லாரும் வந்து தபால் ஓட்டு வாங்கிப் போவார்கள். அன்றைக்குப் பெரியவர் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதையும் விட்டால் அவ்வளவுதான், இந்த வசதியைக் கேட்டவர் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது.

எங்கள் ஆயாவுக்கு இதை எடுத்துச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டது. "எல்லாரையும் அங்கதான் பாக்கலாம், நான் இஸ்கூலுக்கே வரேன்" என்றது. சரி என்று காலை ஏழு மணிக்கே ஆட்டோவில் அழைத்துப் போனோம். வெயில் ஏறுவதற்குள் போவதுதான் பெரியவர்களுக்கு நல்லது, வரிசையிலும் முன்னால் விடுவார்கள். சக்கர நாற்காலி தேவையென்றால் முன்கூட்டியே பிஎல்ஓவிடமோ சக்ஷம் செயலியிலோ சொல்லி வையுங்கள். கண் தெரியாதவர், தானாகப் பட்டனை அழுத்த முடியாதவர் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துப் போகலாம். துணைக்குப் போகிறவரின் வலது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள், அவர் அன்றைக்கு ஒருவருக்குத்தான் துணை போக முடியும். தெருவிலுள்ள எல்லாப் பாட்டிகளுக்கும் நானே துணை என்று ஒரே ஆள் கிளம்ப முடியாது.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வண்டிப் பாதை இல்லாமல் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு மெஷின்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மலை ஊர்க்காரர்கள் கீழே வேலைக்கு வந்திருந்தால், ஏறுவதற்கு ஆகும் அரை நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

யாருக்கு என்று முடிவு செய்ய

வேட்பாளர் ஒவ்வொருவரும் சொத்து, கடன், படிப்பு, வழக்கு எல்லாம் எழுதி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருப்பார். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். அரை மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள், பஸ்ஸில் வரும்போதுகூடப் படிக்கலாம். நம் பக்கம் தென்பெண்ணைத் தண்ணீரும், ஒகேனக்கல் குடிநீரும், வெளியூர் போகாமல் இங்கேயே கிடைக்கும் வேலையும்தான் பெரிய கேள்விகள் என்று நான் நினைக்கிறேன், உங்களுக்கு வேறாக இருக்கலாம். மக்களவைத் தேர்தல் என்றால் தொகுதி எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: தருமபுரி மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்து மேட்டூரும் உண்டு. ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளி, ஓசூர், தளி ஆறும் கிருஷ்ணகிரியில் வரும்.

அன்றைக்கு

உள்ளே முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். நீங்கள் எழுதி வைத்திருக்கும் தாள் இங்கேதான் உதவும், வரிசை எண்ணை நீங்களே சொன்னால் அவர் அடிக்கோலை நகர்த்தித் தேட வேண்டியதில்லை. அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். அப்புறம் இயந்திரம். சின்னத்துக்கு நேராக இருக்கும் நீல பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், பீப் சத்தம் வரும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் நீங்கள் போட்ட சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு நொடி தெரிந்துவிட்டு உள்ளே விழும். அவசரப்பட்டு வெளியே வராதீர்கள், அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி "டெண்டர் ஓட்டு" கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று அவருக்குத் திருப்தியானால் தனிக் காகிதச் சீட்டில் போட்டு உறையில் வைக்கக் கொடுக்க வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் பெயரில்தான் இந்த மோசடி நடக்கும், அதனால் முடிந்தவரை காலையிலேயே போய்ப் போட்டுவிடுவது நல்லது.

பஸ் லேட்டாகி மாலைதான் வந்து சேர்கிறீர்கள் என்றாலும் விட்டுவிடாதீர்கள். 2024-ல் காலை 7 முதல் மாலை 6 வரை நடந்தது, நேரத்தை ஒவ்வொரு தேர்தலுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். முடியும் நேரத்தில் நீங்கள் வரிசையில் நின்றுவிட்டால் போதும். வரிசையின் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுத்துக்கொண்டு வருவார்கள், டோக்கன் கையில் இருக்கும் எல்லாரும் எத்தனை மணி ஆனாலும் போட்டுவிட்டுத்தான் போவார்கள். 2021-ல் அப்பா தன் செட் ஆட்களோடு அப்படித்தான் வந்தார், சட்டைப் பையில் அட்டையோடு, பாகம் எண்ணும் வரிசை எண்ணும் எழுதிய தாளோடு. அடிக்கோல் அந்த வரியில் வந்து நின்றதும் அலுவலர் அவர் பெயரைச் சத்தமாகப் படித்தார்.